நண்டின் இடது பாதி

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மூன்றே நாளில் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் வரும். என்ன தவறு நடந்தது, யார் செய்தார்கள் என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது. ஏழு பேருடைய முத்திரை மட்டும் வரிசையாக இருக்கும். அப்படிப்பட்ட கடிதங்கள் என்னிடம் ஏற்கெனவே பதினொன்று சேர்ந்துவிட்டன.

என் பெயர் தோகாஷி. ஓகிஹமா துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை. நூற்று முப்பத்தைந்து கிலோ பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்துத் தள்ளுகிறவனுக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன ஜோலி என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் அதைத்தான் கேட்டார்கள், கொஞ்சம் மரியாதையாக.

என் மனைவி சயோகோ ஒரே ஒரு சித்திரப் புத்தகம் செய்தாள். நாகி வயிற்றில் இருந்தபோது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தது. ஒரு நண்டு ஐஸ் ஆலையிலிருந்து ஒரு துண்டு ஐஸை முதுகில் ஏற்றிக்கொண்டு கடற்கரை நெடுகப் பக்கவாட்டில் நடந்து வீட்டுக்குப் போகிறது. வீட்டில் அதன் குட்டி காய்ச்சலோடு கிடக்கிறது. அவ்வளவுதான் கதை. நாங்களே இருநூறு பிரதி அச்சடித்தோம். நாகிக்குப் பத்து மாதமானபோது சயோகோ இறந்துபோனாள்.

பாதிப் பிரதிகள் பாலர் பள்ளிகளுக்குப் போயிருந்தன. மீதி வீட்டின் கீழ்த்தளத்தில், பெட்டிகளில். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, எல்லாவற்றையும் கூழாக்கிவிட்டுப் போனது. பாலர் பள்ளிகளில் போய்க் கேட்டேன். "பிள்ளைங்க கிழியக் கிழியப் படிச்சாங்க, கடைசியில ஒண்ணும் மிஞ்சல" என்றார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் புத்தகம் இல்லை.

இந்த ஏப்ரலில் நாகி பள்ளிக்கூடம் சேர்ந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த அன்றைக்கே கேட்டாள்: "அம்மா எழுதினதை நானே படிக்கணும்ப்பா."

உலகத்தில் ஒரு பிரதி இருந்தது. நாகி பிறப்பதற்கு முன்பு அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் எங்கள் ஊருக்கே வந்து, வாசலில் குனிந்து வணங்கி, "குழந்தைகளுக்காக என்றென்றைக்கும் காப்பாற்றுவோம்" என்று ஒரு பிரதி வாங்கிப் போனார். சயோகோவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கு நாள் மீன் வாங்குகிற இடத்தில்கூட அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். வெளியாள் நேராக வரக் கூடாதாம். எங்கள் ஊர் நூலகம் ஓர் அறிமுகக் கடிதம் எழுத வேண்டும். அதோடு விண்ணப்பம் நான்கு பக்கம். "ஆய்வு நோக்கம்" என்ற கட்டத்தில் "மகள் படிக்க வேண்டும்" என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. "மிகவும் வருந்துகிறோம். படித்தல் ஆய்வு நோக்கமாகாது."

ஊர் நூலகத்துக் குரிஹாரா அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"நீங்க மனுஷன் மாதிரி எழுதினா அவங்களுக்கு எப்படிப் புரியும்? நகருங்க."

"வடக்குக் கடலோரச் சித்திரப் புத்தகங்களில் ஓடுடைய உயிரினங்களின் பக்கவாட்டு இயக்கம்" என்று கட்டம் நிரம்ப எழுதினார். அடுத்த வாரமே அனுமதி வந்தது, காலத்தின் தேவையான ஆய்வு என்று ஒரு பாராட்டும் சேர்த்து. கீழே ஏழு முத்திரைகள். ஒவ்வொன்றும் பக்கத்து மேலதிகாரியின் முத்திரையை நோக்கி லேசாகச் சாய்ந்து வணங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஆளுடையது கிட்டத்தட்டப் படுத்தே விட்டது.

ஆகஸ்ட் விடுமுறையில் நாகியைக் கூட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் ரயிலில் போனேன். புத்தகத்தில் நண்டுக்கு எத்தனை கால் போட்டிருக்கும் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சிறப்புச் சேகரிப்பின் வாசலில் ஆளுயரப் பலகை. அதில் கரடிக்குட்டி ஒன்று சித்திரப் புத்தகத்தைக் கட்டிப்பிடித்தபடி கண்ணில் நீரோடு குனிந்து நிற்கிறது. அந்த இடத்தின் சின்னமாம் அது. கீழே, குழந்தைகளுக்கும் புரியட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். நாகி விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள்.

"கு... ழந்... தை... கள்... உள்... ளே... வர... முடி... யாது. மன்... னிச்... சுக்கோ." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, நான் சரியாப் படிச்சேனா?"

சரியாகத்தான் படித்தாள்.

உள்ளேயிருந்து இசோகாய் என்ற இளைஞன் வந்தான். அழகாக இஸ்திரி போட்ட சட்டை, அதைவிட அழகாக இஸ்திரி போட்ட முகம்.

"ரொம்ப மன்னிக்கணும் சார். பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்கு அனுமதி இல்லீங்க."

"இது குழந்தைங்க புத்தகம்தானே தம்பி?"

"ஆமாங்க சார். அதனாலதான் குழந்தைங்ககிட்டேயிருந்து காப்பாத்த வேண்டியிருக்கு."

"அப்ப யாரு படிப்பா?"

"படிக்கிறதுக்கு இல்லீங்க சார். இருக்கிறதுக்கு."

"இவளோட அம்மா எழுதினதுப்பா. செத்துப்போயிட்டா. இவ ஒரு தடவை பாத்துட்டுத் தந்துடுவா."

"கேக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்குங்க சார்." சொல்லிவிட்டு இடுப்போடு மடிந்து குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. குனிந்திருக்கிற மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது என்று இந்த நாட்டில் யாரும் சொல்லித் தருவதில்லை. அது தெரிந்துதான் குனிகிறார்கள்.

வாசல் காவலாளி ஒனோதெரா, அறுபதைத் தாண்டியவர், தன் கூண்டிலிருந்து கையசைத்தார். "பாப்பாவை இங்க விட்டுட்டுப் போங்க. எனக்கும் பேச்சுத் துணை வேணும். இங்க எல்லாரும் குனியறாங்களே தவிர ஒருத்தரும் பேசறதில்ல."

செருப்பை மாற்றினேன். இன்னொரு கதவு தாண்டி மறுபடி மாற்றினேன். கைக்கடிகாரம், பேனா, கைப்பேசி எல்லாம் பெட்டிக்குள். கையை இருமுறை கழுவி, வெள்ளைக் கையுறை. என் கை கொக்கி பிடிக்கிற கை. கையுறை பாதி விரலோடு நின்றுவிட்டது. அதற்கும் இசோகாய் மன்னிப்புக் கேட்டான்.

புத்தகம் பெட்டிக்குள் பெட்டியாக வந்து, ஒரு சின்னத் தலையணைமேல் படுத்தது. எங்கள் வீட்டில் சயோகோ கடைசி நாட்களில் படுத்த தலையணை அவ்வளவு மெத்தென்று இல்லை.

பக்கத்தை நான் திருப்பக் கூடாது. நான் கையைத் தூக்கினால் இசோகாய் திருப்புவான். முதல் பக்கத்தில் எங்கள் ஆலை. புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கொக்கியோடு நிற்கிறான், தொப்பை கொஞ்சம் அதிகமாகவே போட்டிருந்தாள். நான்காவது பக்கம் போனதும், முதல் பக்கத்தை மறுபடி காட்டச் சொன்னேன்.

"பின்னோக்கித் திருப்பறது ஒரு வருகைக்கு ஒரு தடவைதாங்க சார். இப்பவே பயன்படுத்திக்கிறீங்களா?"

அந்த நேரத்தில் பேராசிரியர் கன்சாகி வந்தார். சேகரிப்பின் இயக்குநர். இரண்டு கையாலும் முகவரி அட்டையை நீட்டினார். எங்கள் வாசலுக்கு வந்து குனிந்த அதே முகம். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"பக்கவாட்டு இயக்கத்தைப் பத்தி ஆராயறவர் நீங்கதானே? அருமை. இந்த ஆசிரியரைப் பத்தி நான் மூணு கட்டுரை எழுதியிருக்கேன். வாழ்க்கைக் குறிப்பு ஒண்ணுமே கிடைக்கல. பெரிய புதிர்."

"நான் அவ புருஷன் சார்."

"அப்படியா! ரொம்பச் சந்தோஷம்." ஒரு கணம் யோசித்தார். "ஆனா ஆய்வுல நாங்க ஆசிரியரோட வாழ்க்கையைக் கணக்குல எடுத்துக்கிறதில்ல."

பிறகு அவரே உரிமையோடு கையைத் தூக்கி, இசோகாயைக் கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொன்னார். நண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முதுகில் இருந்த ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. படுக்கையில் குட்டி. அதன் நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வெள்ளை வட்டம், ஒன்றும் வரையாமல்.

"இதைப் பாருங்க," என்றார் பேராசிரியர். குரல் தழுதழுத்தது. "வெறுமை. மையம் இல்லாத மையம். நண்டு இவ்வளவு தூரம் சுமந்து வந்தது சூனியத்தை! இந்த வட்டத்தைப் பத்தி மட்டும் நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். ரெண்டு கருத்தரங்கு நடந்திருக்கு. ஒரு முறை அடிதடி வரைக்கும் போச்சு."

வட்டத்துக்குக் கீழே சயோகோவின் எழுத்தில் ஒரு வரி இருந்தது. "ஐயோ, ஐஸ் தீர்ந்துபோச்சே! குட்டிக்கு நெற்றி கொதிக்கிறது. உன் கையை இங்கே வை."

"இது பிள்ளைங்க கை வைக்கிற இடம் சார்," என்றேன். "எதிர்வீட்டுப் பாப்பாவோட கையை வச்சு அளவெடுத்துத்தான் வட்டம் போட்டா."

பேராசிரியர் கனிவாகச் சிரித்தார். "அதுவும் ஒரு வாசிப்பு."

இதுவரை எத்தனை பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டேன். உங்களோடு சேர்த்து ஒருவர் என்றான் இசோகாய். கட்டுரையெல்லாம் புகைப்படத்தைப் பார்த்து எழுதியவையாம்.

சரி, நகலாவது எடுத்துப் போகலாம் என்று கேட்டேன். விதி இருந்தது. ஒரு படைப்பில் பாதிக்குமேல் நகல் எடுக்கக் கூடாது. அப்படியானால் பாதிப் பக்கங்களைத் தா என்றேன்.

"சித்திரப் புத்தகத்துல ஒவ்வொரு படமும் தனித்தனிப் படைப்புங்க சார். அதனால ஒவ்வொரு படத்திலயும் பாதி தரலாம். இடது பாதி வேணுமா, வலது பாதி வேணுமா?"

"தம்பி, எழுதினவ என் பொண்டாட்டி. உரிமை இப்ப எங்கிட்டதானே இருக்கும்? முழுசா எடுக்க நானே அனுமதி தரேன்."

அவன் முகம் மலர்ந்தது. பெரிய புத்தகம் ஒன்றைப் புரட்டினான். முகம் மெல்ல வாடியது.

"சட்டப்படி உங்களுக்குப் பாதி உரிமைங்க சார். மீதிப் பாதி உங்க மகளுக்கு. அவங்களும் சம்மதிக்கணும்."

"வாசல்லதான் நிக்கிறா. கூப்பிடறேன்."

"அவங்களால உள்ள வர முடியாதுங்களே. தவிர, மைனருங்க. அவங்களுக்காகப் பெற்றோர்தான் கையெழுத்துப் போடணும்."

"நான்தான் பெத்தவன். குடு, போடறேன்."

"அங்கதாங்க சார் சிக்கல். கேக்கறவரும் நீங்க, அவங்க சார்பா குடுக்கறவரும் நீங்க. மகளோட நலனுக்கு எதிரா நீங்க நடந்துக்க வாய்ப்பிருக்கு. குடும்ப நீதிமன்றத்துல சொல்லி அவங்களுக்குத் தனிப் பிரதிநிதி நியமிக்கணும்." மறுபடி குனிந்தான். "இதெல்லாம் உங்க மகளைப் பாதுகாக்கத்தாங்க சார்."

பாதி உரிமைக்காரி வெளியே காவல் கூண்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை அவள் அப்பனிடமிருந்து பாதுகாக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடது பாதியைக் கொடு என்றேன். ஒவ்வொரு படத்துக்கும் வலது பக்கத்தைக் கறுப்பு அட்டையால் மூடி, ஒவ்வொரு முறையும் ஒரு மன்னிப்புக் கேட்டு, பன்னிரண்டு நகல் எடுத்துக் கொடுத்தான்.

வெளியே வந்தேன். ஒனோதெரா கொடுத்த அரிசி வறுவலை நாகி கறுக்முறுக்கென்று தின்றுகொண்டிருந்தாள். தாள்களைக் கூண்டின் தரையில் பரப்பினாள். கிட்டத்தட்ட எல்லாப் படத்திலும் நண்டு வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதனால் அந்தத் தாள்களில் கொஞ்சம் மணலும் பின்னங்கால் இரண்டும்தான் இருந்தன.

"நண்டு எங்கப்பா?"

"அந்தப் பக்கம் இருக்கு."

"அந்தப் பக்கம் எங்க?"

"உள்ள இருக்கு கண்ணு."

"உள்ள யாரு பாக்கறா?"

"யாரும் பாக்கல."

அவள் அழவில்லை. தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்னால் இருக்குமோ என்று. ஒன்றும் இல்லாததைக் கண்டுகொண்டு ஒழுங்காக அடுக்கி என்னிடம் கொடுத்தாள். பெரியவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று இந்த வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, ஆலையில் ஒரு தடவை கொக்கி நழுவிப் பாளம் கால்மேல் விழுந்தபோதுகூட அப்படி வந்ததில்லை. அவர்கள்மேல் கொஞ்சம். நான்கு மாதமாக அவர்களுக்குச் சரிக்குச் சரியாகக் குனிந்த என்மேல் நிறைய.

புத்தகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் பதினெட்டு நிமிஷம் பாக்கி இருந்தது. உள்ளே போனேன். செருப்பை மாற்றவில்லை. கையுறை போடவில்லை. தலையணையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். இசோகாய் "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று குனிந்துகொண்டே பின்னால் ஓடி வந்தான். குனிந்தபடி ஓடினால் எவ்வளவு வேகம்தான் வரும்?

புத்தகத்தை நாகியின் மடியில் வைத்தேன்.

பேராசிரியர் வந்தார். அலுவலகத்திலிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். யாரும் புத்தகத்தைத் தொடவில்லை. தொட்டால் கிழியும். குழந்தையைத் தொட்டால் வழக்கு வரும். குழந்தையிடமிருந்து புத்தகத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்று கையேட்டில் தேடினார்கள். இருபத்தாறு பக்கத்திலும் இல்லை. குழந்தை புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கவே முடியாது என்பதால் அதை யாரும் எழுதவில்லை. முன்னுதாரணம் இல்லாத விஷயம், உடனே கூட்டம் போட வேண்டும் என்றார் பேராசிரியர். அங்கேயே, நின்றபடியே போட்டார்கள். குறிப்பெடுப்பது யார் என்பதில் முதல் பத்து நிமிஷம் போயிற்று.

அதற்குள் நாகி எழுத்துக்கூட்டிக்கொண்டே போனாள். ஆலை ஆளைப் பார்த்து, "அப்பா, உன் தொப்பை!" என்றாள். நண்டின் கால்களை எண்ணினாள். "பத்து. சரியாப் போட்டிருக்காங்க அம்மா." கடைசிப் பக்கம் வந்தது.

"உன்... கையை... இங்... கே... வை."

வைத்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வியர்வையும் வறுவல் எண்ணெயும் சோயா சாறும் பூசிய உள்ளங்கை வட்டத்துக்குள் அப்படியே பொருந்தியது.

"கொதிக்குதா?" என்றேன்.

"கொதிச்சுது. இப்பக் கொறைஞ்சிடுச்சு."

"நாப்பது பக்கம்!" என்று பேராசிரியர் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கூட்டம் கலைந்துவிட்டது.

நாகி கையை எடுத்தாள். வட்டத்துக்குள் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்தன. அவர்களுக்கு அது நிம்மதியாகப் போயிற்று, ஏனென்றால் இதற்கு விதி இருந்தது. குழந்தையின் கைபட்ட பிரதி சேகரிப்பின் தரத்தை இழக்கும். பதிவேட்டிலிருந்து நீக்கி, கழிவுத்தாளாகப் போட வேண்டும்.

"தூக்கிப் போடறதை எங்கிட்ட குடுத்துடுங்க," என்றேன்.

பேராசிரியர் அதிர்ந்துபோனார். "பல்கலைக்கழகச் சொத்தை ஒரு தனியாளுக்கு எப்படிக் கொடுக்கறது? மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையா?"

"குப்பையில போடறது?"

"அது எல்லாருக்கும் சமம்."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது யாருக்கும் கையுறை தேவைப்படவில்லை. ஒருவன் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

நாங்கள் கிளம்பும்போது ஒனோதெரா என் பக்கம் பார்க்காமலே, ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்: "நாலாவது புதன்கிழமை. பின் வாசல். ஒம்பது மணிக்கு வண்டி வரும். எட்டுக்கு வந்தாப் போதும்."

அந்தப் புதன்கிழமை ஆலை வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நாகியோடு விடியலில் புறப்பட்டேன். பின் வாசலில் தாள்கட்டுகள் வெள்ளைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தன. ஒரே ஒரு கட்டை எதிர்பார்த்துப் போனேன். முப்பத்தொன்று இருந்தன.

எல்லாம் சித்திரப் புத்தகங்கள். ஒன்றில் முயலுக்குக் கிரேயானில் மீசை போட்டிருந்தது. ஒன்றின் மூலையில் பால்பல் கடித்த தடம். ஒன்றில் காய்ந்த சோற்றுப் பருக்கை. நிறையப் புத்தகங்களில் முதல் பக்கத்தில் கோணல்மாணலாகப் பெயர்கள். நாகி அம்மாவின் புத்தகம் இருந்த கட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டாள்.

"நன்கொடையா வர்றது," என்றார் ஒனோதெரா. "ஒவ்வொண்ணாச் சோதிப்பாங்க. பிள்ளை தொட்ட அடையாளம் இருந்தாக் கழிச்சிடுவாங்க. யாருமே திறக்காததை மட்டும் உள்ள வச்சுக்குவாங்க. போன மாசம் இதைவிட அதிகம்."

"இதெல்லாம் எங்க போகுது?"

"கரைச்சுக் கக்கூஸ் காகிதமாக்குவாங்க. அதுல கொஞ்சம் இங்கேயே வரும், மேல்மாடிக்கு."

குப்பைக் கட்டை எடுத்துப் போவது நகராட்சி விதிப்படி குற்றம். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "முன் வாசல் பூட்டு சரியா இருக்கான்னு பாத்துட்டு வரேன்," என்றார். "கால் வலிக்குது. அரை மணி நேரம் ஆகும்." போனார்.

முப்பத்தொன்றையும் ஏற்றினேன். ஒரு கட்டு ஐஸ் பாளத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இவ்வளவு ஆத்திரத்தோடு நான் எந்தச் சுமையையும் தூக்கியதில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி, பிள்ளை வளர்ந்துவிட்டது என்று, கடித்த தடத்தைத் தடவிப் பார்த்து, மனசில்லாமல் கட்டிக் கொடுத்திருப்பாள். பத்திரமாக இருக்கும் என்று நம்பியிருப்பாள்.

இரண்டு மாதம் கழித்துப் பன்னிரண்டாவது கடிதம் வந்தது. ஏழு முத்திரை. பருவநிலையை விசாரித்து, என் உடல்நலத்தை விசாரித்து, பிறகு விஷயம். "அண்மையில் ஏற்பட்ட எதிர்பாராத சூழ்நிலையால் எமது சேகரிப்பில் ஒரு வெற்றிடம் உண்டாகியுள்ளது. மறைந்த ஆசிரியரின் வாரிசுகளாகிய தாங்கள், குழந்தைகளின் கைபடாத ஒரு பிரதியை மனமுவந்து நன்கொடையாக அளித்தால், வருங்காலக் குழந்தைகளுக்காக அதை என்றென்றைக்கும் காப்போம்."

எனக்கு எழுத வந்த பதில் எதுவும் அச்சில் ஏறக்கூடியது இல்லை. அதனால் நாகியிடம் படித்துக் காட்டினேன். நிறைய நேரம் யோசித்தாள். பிறகு கிரேயானை எடுத்து, அவர்கள் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதி, அதைத்தான் அனுப்ப வேண்டும் என்று உறையையும் அவளே ஒட்டினாள்.

"தர மாட்டேன். வேணும்னா எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டு வரணும். தனியா வந்தா உள்ளே விட மாட்டோம்."